பேரேட்டில் இல்லாத பெயர்

ஒரு கூட்டத்தாரை உலகத்திலிருந்து மறைப்பதற்குப் பெரும்படை வேண்டும், கொள்ளைநோய் வேண்டும், பஞ்சம் வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். இவையெல்லாம் மறைக்கத்தான் செய்கின்றன. ஆயினும் ஓசையே இல்லாமல் அதே வேலையைச் செய்து முடிக்கும் கருவி ஒன்று உண்டு. அது பேரேடு. அதில் கட்டம் இருந்தால் மனிதன் இருக்கிறான். கட்டம் இல்லையேல், உயிரோடு எதிரே நின்றாலும் இல்லாதவனாகிறான். தோட்டத்துக் கிராணி என்ற முறையில் இந்தக் கருவியின் வலிமையை நான் நாள்தோறும் தொட்டு அறிகிறேன். பெரட்டுக்கு வந்தவன் பெயர் செக்ரோலில் ஏறாவிட்டால், அன்று அவன் வெட்டிச் சாய்த்த செம்பனைக் குலைகள் மரத்திலிருந்து தாமே விழுந்தவை ஆகிவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது தோட்டத்துப் பேரேட்டைப் பற்றியதன்று. சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில் பாசிர் ரிஸ் என்றோர் ஊர் உண்டு. என் தமக்கையின் குடும்பம் அங்கே இருப்பதால், ஜொகூர்ப் பாலம் கடந்து ஆண்டில் சில முறை சென்று தங்குவது என் வழக்கம். பாசிர் என்றால் மலாய் மொழியில் மணல். முன்னாளில் கம்பங்களும் தோப்புகளுமாய் இருந்த இடம். 1980ஆம் ஆண்டுகளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளை எழுப்பிற்று. 1989இல் ரயில் வந்தது. கரையோரப் பூங்காவில் அலையாத்திக் காடு கொஞ்சம் காக்கப்பட்டிருக்கிறது. ஆப்பி ஆப்பி என்னும் சிற்றாறு ஊரின் ஊடே ஓடுகிறது. அப்பெயரும் ஓர் அலையாத்தி மரத்தின் பெயரே. மாலையில் கரையில் நின்றால், எதிரே புலாவ் உபின் தீவு மிக அருகில் படுத்திருப்பது தெரியும். நம்மவர் குடும்பம் குடும்பமாய் வந்து, பாய் விரித்து, எலுமிச்சைச் சோறும் நெத்திலிச் சம்பலும் உண்டு, கடற்காற்று வாங்கி வீடு திரும்புவர். இந்த மணலும் இந்த நீரும் நமக்கு முன் யாருக்கு உரியவையாய் இருந்தன என்று கேட்பவர் அரியர்.

கேட்டாலும் நாம் கூறும் விடை பெரும்பாலும் 1819ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அவ்வாண்டில் ராபிள்ஸ் வந்தார். அவர் பின்னே பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை வந்தார், செங்கற் சூளை வைத்தார், 1827இல் மாரியம்மன் கோயிலை நிறுவினார் என்று பெருமையோடு சொல்லுவோம். 2019இல் இருநூறாவது ஆண்டு நினைவை முன்னிட்டுச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ராபிள்ஸ் சிலைக்குத் துணையாகச் சாங் நீல உத்தமன், டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோரோடு நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்தார்கள். தமிழன் சிலையைக் கண்டு நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது தகும். ஆனால் அந்த வரிசையில் துடுப்புப் பிடித்த கை ஒன்றும் இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

1819இல் இத்தீவில் இருந்தோர் ஏறக்குறைய ஆயிரம் பேர் என்பது சரித்திர ஆசிரியர் பலர் ஒப்பும் கணக்கு. அவருள் 500 பேர் ஓராங் காலாங். 200 பேர் ஓராங் சிலேத்தார். 150 பேர் ஓராங் கெலாம். ஓராங் என்றால் மனிதர். இவர்களையும் அயல் தீவுகளில் வாழ்ந்த இவர்களைப் போன்றோரையும் சேர்த்து ஓராங் லாவுட், அஃதாவது கடல் மக்கள், என்பர். இவர்களில் பலருக்குப் படகே வீடு. ஆற்று முகமும் அலையாத்திக் கழியும் தெரு. குழந்தை பிறப்பதும் வளர்வதும் படகில். நாகரிகம் அறியாத சிறு கூட்டம் என்று இவர்களை எண்ணுவோர் மலாய் நாட்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். மலாக்கா அரசுக்கும் அதன் பின் ஜொகூர் அரசுக்கும் கடற்படையாய் நின்றவர் இவர்களே. இவர்கள் வழி காட்டாமல் இந்த நீரிணைகளில் கப்பல் செல்வது அரிது. 1699இல் ஜொகூர்ச் சுல்தான் மஹ்மூத் கொல்லப்பட்டபோது, புதிய அரச பரம்பரையை இவர்களில் பலர் ஏற்க மறுத்தனர். அதனால் அந்த அரசே ஆட்டங்கண்டது.

இத்தகையோர் எங்கே போயினர்? ஓராங் காலாங் மக்கள், தீவு 1824இல் ஆங்கிலேயர்க்கு முற்றிலும் உரித்தான பின், தெமெங்கோங்கினால் ஜொகூரிலுள்ள பூலாய் ஆற்றுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே அம்மை நோய் பரவிற்று. நூறு குடும்பங்களாய் இருந்தவர், 1847இல் எட்டுக் குடும்பங்களாய்க் குறைந்திருந்தனர். அவ்வாண்டில் சிங்கப்பூரில் லோகன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிய ஆராய்ச்சிச் சஞ்சிகையில் இந்தச் செய்தி பதிவாயிற்று. சிலேத்தார் மக்களோ இந்த ஜொகூர் நீரிணையிலேயே, இருகரைக் கழிகளிலும் மாறி மாறித் தங்கி வாழ்ந்தனர். பாசிர் ரிஸ் கரையில் வந்து மோதும் அலை அந்த நீரிணையின் அலைதான். எதிரே தெரியும் உபின் தீவுக்கும், 1880ஆம் ஆண்டுகளில் காலாங் ஆற்றோரத்து மலாய்க் குடும்பங்கள் எண்டூட் செனின் என்பவர் தலைமையில் பெயர்ந்து சென்று ஊர் கட்டியதாகச் சொல்லுவர்.

இவர்களின் பெயர்கள் மட்டும் நம் நாவில் தங்கியிருக்கின்றன. காலாங் என்றால் நமக்கு விளையாட்டரங்கம். கம்போங் கெலாம் என்றால் துணிக்கடையும் பள்ளிவாசலும். சிலேத்தார் என்றால் 1928இல் திறந்த விமானத் தளம். அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிலும், 1938இல் திறந்த செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்த தமிழரும் மலையாளிகளும் எத்தனை ஆயிரவர்! 'என் பாட்டன் சிலேத்தாரில் வேலை செய்தார்' என்று சொல்லும் குடும்பங்களை நான் அறிவேன். அந்தச் சொல் ஒரு மக்களின் பெயர் என்று அந்தப் பாட்டனுக்கு யாரும் சொல்லியிரார்.

இனி, பேரேட்டின் விந்தைக்கு வருவோம். நீரிணையின் வடகரையில் மலேசியச் சர்க்கார், பூர்வகுடியினருக்கென 1954இல் ஏற்பட்ட சட்டத்தின்படி, சிலேத்தார் மக்களை ஓராங் அஸ்லி எனப்படும் பதினெட்டுப் பிரிவினருள் ஒரு பிரிவாகக் கணக்கில் வைத்திருக்கிறது. தென்கரையிலோ சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 152ஆம் பிரிவு, மலாய் மக்களே இத்தீவின் பூர்வகுடிகள் என்று கூறி அவர்களின் தனி நிலையை ஏற்கிறது. அந்தப் பெரும்பெயருக்குள்ளே கடல் மக்களுக்கென்று வேறு கட்டம் இல்லை. 1965இல் நாடுகள் பிரிந்தன. 1967இல் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை ஏற்பட்டது. முன்பு காலையில் ஒரு கரையிலும் மாலையில் மறுகரையிலும் நண்டு பிடித்தவன், ஏதேனும் ஒரு பக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வடக்கே போனவன் பேரேட்டில் ஓராங் அஸ்லி. தெற்கே நின்றவன் மலாய். இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவும் இருந்திருக்கலாம்.

மலாய் என்னும் பெயரை அவர்கள் மேல் யாரோ வலிந்து சுமத்தினர் என்று நான் சொல்லவில்லை. பலர் இசுலாத்தை மனமார ஏற்றனர், மணத்தால் கலந்தனர், பிள்ளைகள் அந்தப் பெயரில் பெருமை கொள்கின்றனர். கலப்பு நேர்வது இயற்கை. ஆயினும் ஒரு பெயர் இருப்பதால் ஆகும் பயனையும் நாம் காண வேண்டும். ஜொகூர் பாருவை அடுத்த கரைகளில் பெருங் கட்டிடங்கள் எழுந்து, சிலேத்தார் மக்களின் குடியிருப்புகளும் அலையாத்திக் காடுகளும் நெருக்குண்டபோது, அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2017இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் அவர்களின் வழிவழி நில உரிமைக்குச் சார்பான தீர்ப்புக் கிடைத்தது. 'நாங்கள் இன்னார்' என்று எழுந்து நின்று சொல்ல அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது. தென்கரையில் அத்தகைய வழக்கை எந்தப் பெயரால் தொடுப்பது?

இங்கே நம் சீர்திருத்த நண்பர் ஒருவர் குறுக்கிடுவார் என்பதை அறிவேன். "தம்பி, பிறப்பினால் வரும் பெயர்களை ஒழிக்கவல்லவோ நாம் பாடுபட்டோம்? 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்து பேசியதும், 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்ததும் எதற்காக? ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய நம் முன்னோரின் சீட்டில் சாதிக்கென்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அடித்துவிடத்தானே இத்தனை கூட்டம், இத்தனை எழுத்து? இப்போது குலப் பெயரைத் தேடி எடுத்து ஒட்டிக் கொள்ளுங்கள் என்கிறாயே!" என்பார்.

கேள்வி நியாயமானது, விடையும் நேராகச் சொல்ல வேண்டியது. சாதி என்னும் வரி யாரால் எழுதப்பட்டது? மேலே நின்றவனால், கீழே நிற்பவனைக் கீழேயே நிறுத்தி வைப்பதற்காக எழுதப்பட்டது. அதை அடித்தபோது அவன் நிமிர்ந்தான். கடல் மக்களின் பெயர் யாரையும் கீழே வைப்பதற்கு இடப்பட்டதன்று. ஓர் ஆற்றின் பெயர் அது. இன்ன நீரில் வாழ்ந்தோம் என்பதற்கு மேல் அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனை அடித்தபோது நிமிர்ந்தவர் யாரும் இலர். ஆகவே சீர்திருத்தக்காரன் கேட்க வேண்டிய கேள்வி, பெயர் பழையதா புதியதா என்பதன்று. அதை எழுதும் கோல் யார் கையில் இருக்கிறது என்பதே. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமைக்குத் தன்மானம் என்பது நம் இயக்கம் நமக்குக் கற்பித்த பாடம். அந்தப் பாடத்தை நமக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள முடியாது.

நிற்க. பட்டணத்தில் அடுக்குமாடியில் குடியேறி, விரைவு ரயிலில் வேலைக்குப் போகும் ஒருவன் தன்னைக் கடல் மகன் என்று சொல்லிக் கொள்வது பொருந்துமா என்ற ஐயமும் எழும். தெற்கே புலாவ் செமாக்காவ் என்றொரு தீவு உண்டு. கரையோரம் கால்நாட்டிய வீடுகளில் மீன்பிடித்து வாழ்ந்த மக்கள் 1970ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து பெருந்தீவின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். அடுத்திருந்த புலாவ் சேக்கிங் தீவின் மக்களும் பின்னர்ப் பெயர்ந்தனர். இரண்டையும் இணைத்துக் கடலில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டி, 1999இல் குப்பை நிரப்பும் இடமாகத் திறந்தனர். சிங்கப்பூரில் எரிக்கப்படும் குப்பையின் சாம்பல் அங்கே போய்ச் சேருகிறது. பாசிர் ரிஸில் என் தமக்கை வீட்டுக் குப்பைக் குழாயில் போடும் பையின் சாம்பலும் அங்கேதான். பிறந்த ஊர் பட்டணத்தின் சாம்பற் கிடங்காய் ஆன பிறகு, அவ்வூரார் தம்மை எந்த ஊரார் என்று சொல்லிக் கொள்வது?

இந்தக் கேள்விக்கு அந்த மக்களின் வழிவந்த ஒருவரே விடை காண முனைந்தார். செமாக்காவிலிருந்து பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த பிர்தாவுஸ் சானி என்பவர், 2020இல், தொற்றுநோய்க் காலத்தில், ஓராங் லாவுட் எஸ்ஜி என்னும் முயற்சியைத் தொடங்கினார். முதலில் செய்தது சோறு விற்றது! தம் குடும்பத்துப் பெண்டிர் சமைக்கும் தீவு உணவை, மையோடு சமைத்த கணவாய் முதலியவற்றை, மக்களுக்கு அளித்தார். அதனோடு முதியோரின் நினைவுகளையும், பழைய படங்களையும், தீவுகளின் கதைகளையும் திரட்டிப் பொதுமக்கள் முன் வைத்தார். சமையலறையில் தொடங்கிய ஆராய்ச்சி என்று இதை நான் மதிக்கிறேன்.

நம் இலக்கணம் இவ்விடத்தில் எனக்குத் துணை வருகிறது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணவு, தொழில், மரம், பறவை, பறை முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். அந்நிலத்து மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். நெய்தல் நிலத்தானுக்குக் கடற்கரையே முதல். அந்த முதலைச் சாம்பல் மூடிவிட்டது. ஆயினும் அவன் வீட்டு அடுப்பில் கணவாய் வேகிறது. அவன் பாட்டி நீரோட்டத்தின் பெயரைச் சொல்லுகிறாள். பேரன் அதைக் கேட்டு எழுதிக் கொள்கிறான். கருப்பொருள் கையில் இருக்கும் வரை உரிப்பொருள் சாகவில்லை. நிலம் போனால் திணையே போயிற்று என்று தீர்ப்புச் சொல்ல நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

இதே செய்தியை உலகின் மறுகோடியிலிருந்தும் ஒருவர் சொல்லியிருக்கிறார். அமெரிக்க நாட்டுப் பூர்வகுடிகளில் வின்னபேகோ குலத்தைச் சேர்ந்த ரென்யா ராமிரெஸ் என்னும் அம்மையார், கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் சர்வகலாசாலையில் மானிடவியல் பேராசிரியர். 2007இல் அவர் 'நேட்டிவ் ஹப்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். ஆங்கிலப் படிப்பினால் எனக்கு விளைந்த நன்மைகள் சில. இந்நூலைப் படிக்க முடிந்தது அவற்றுள் ஒன்று. 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சர்க்கார், பூர்வகுடியினரை அவர்களுக்கென ஒதுக்கிய நிலங்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்க்கும் திட்டத்தை நடத்திற்று. 1956இல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. நகரத்துக்கு வந்தால் குலமும் மொழியும் கரைந்து, எல்லாரையும் போல் ஆகிவிடுவார்கள் என்பது சர்க்காரின் எதிர்பார்ப்பு. அறிஞர் பலரும் அப்படியே எண்ணினர்.

ராமிரெஸ் அம்மையார் சான் ஹோசே நகரிலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் வாழும் தம்மவரிடையே பழகி வேறொன்றைக் கண்டார். அதற்கு அவர் கையாண்ட உவமையை, பையூட் குலத்தைச் சேர்ந்த லவெர்ன் ராபர்ட்ஸ் என்னும் மூதாட்டியிடமிருந்து பெற்றதாக அவரே நன்றியோடு கூறுகிறார். வண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் எல்லாம் வந்து கூடும் குடத்தை எண்ணிப் பாருங்கள். நகரத்தில் பூர்வகுடியினர் கூடும் இடம் அந்தக் குடம். ஆரக்கால்கள் அங்கிருந்து சொந்த நிலத்துக்கும், உறவினர் வாழும் பிற ஊர்களுக்கும் நீண்டு போகின்றன. மக்கள் போகின்றனர், வருகின்றனர். செய்தியும் பாட்டும் சடங்கும் கூடவே போய் வருகின்றன. கூடும் இடம் ஒரு கட்டிடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு விருந்தும் குடம் ஆகும்; ஒரு சமையலறையும் குடம் ஆகும். சக்கரம் ஓடுவதால் குடம் தேய்ந்து மறைவதில்லை; குடம் இருப்பதனால்தான் சக்கரம் ஓடுகிறது.

இதனைச் சிங்கப்பூருக்குப் பொருத்திப் பார்த்தேன். தீவுகளிலிருந்து வந்தோர் ஒரே இடத்தில் சேர்ந்து குடியிருக்க வழி குறைவு. பாசிர் ரிஸுக்கு ரயில் வந்த அதே 1989இல், வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தாரும் இன்ன அளவுக்கு மேல் சேரலாகாது என்னும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இனத்துக்கொரு சேரி உண்டாகாமல் தடுத்தது அதன் நன்மை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதன் பேரேட்டிலும் சீனர், மலாயர், இந்தியரும் பிறரும் என்ற பிரிவுகளே உள்ளன. ஒரே தீவினர் என்பதற்கு அங்கே கணக்கில்லை. எனவே கலியாண வீடும், பெருநாள் விருந்தும், முதியவர் ஒருவர் படுத்திருக்கும் அறையுமே அவர்களுக்குக் குடங்கள். பிர்தாவுஸின் முயற்சி அந்தக் குடத்தைச் சற்று வெளியே நகர்த்தி, நாமும் காணும்படி வைத்திருக்கிறது.

தோட்டத்துத் தமிழருக்கு இதை விரித்துரைக்க வேண்டுமா? 1950ஆம் ஆண்டுகள் தொட்டு மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாய் விற்கப்பட்டன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டுமனை வருகிறது. லயங்கள் இடிந்தன. மக்கள் பட்டண ஓரங்களிலும் மலிவு வீடுகளிலும் சிதறினர். ஆயினும் பழைய தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்றால், முப்பது ஆண்டுக்கு முன் போனவனும் குடும்பத்தோடு வந்து நிற்கிறான். அம்மனைப் பற்றி என் கருத்து வேறு. அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாளில் அந்தத் திடலில் நடப்பதை நான் கூர்ந்து பார்த்திருக்கிறேன். "நீ மேலலயத்து முனியம்மா பேத்தியா?" என்று ஒரு கிழவி கேட்கிறாள், பல்கலைக் கழகத்தில் படிக்கும் பெண் "ஆமாம் பாட்டி" என்று தலை குனிந்து நிற்கிறாள். அடையாள அட்டையில் இல்லாத ஒரு முகவரி அந்தக் கேள்வியில் இருக்கிறது. ராமிரெஸ் அம்மையாரின் குடம் அதுவே.

என் தமக்கை மகன் பாசிர் ரிஸிலேயே பிறந்து வளர்ந்தவன்; பன்னிரண்டு வயது. அவன் ஒரு நாள், "மாமா, நாம இந்தியாவிலிருந்து வந்தோமா, தோட்டத்திலிருந்து வந்தோமா?" என்று கேட்டான். அவனுடைய சான்றிதழில் இந்தியன் என்றிருக்கிறது. அவன் அம்மாவோ ஊர் என்று சொல்லும்போதெல்லாம் ஜொகூர்த் தோட்டத்தைச் சொல்லுகிறாள். எது உண்மை என்று பிள்ளைக்குக் குழப்பம். "இரண்டிலிருந்தும் வந்தோம், இப்போது நீ பாசிர் ரிஸ்காரன், மூன்றும் உன்னுடையவை" என்றேன். அவன் உடனே எதிரே தெரிந்த நீரைக் காட்டி, "அப்ப இங்க முன்னாடி இருந்தவங்க எங்க போனாங்க?" என்றான். காலாங் ஆற்றுக்காரரைப் பற்றியும் அம்மை நோயைப் பற்றியும் அன்றிரவு வெகு நேரம் சொல்லிக் கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் முதற் கேள்விக்கு மட்டும் விடை சொல்லியிருந்தால், அவனுக்கு நான் சொன்னது பாதிச் சரித்திரமே.

ஏனெனில் நாம் இடம் பெயர்க்கப்பட்டவர் மட்டும் அல்லர். பிறர் பெயர்ந்த இடத்தில் நடப்பட்டவரும் ஆவோம். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவன் வெள்ளைத் துரை. கோடரியும் மண்வெட்டியும் பிடித்தவன் நம் பாட்டன். பாட்டனுக்கு வேறு வழி இல்லை. அவன் மேல் பழி இல்லை. ஆனால் அந்தக் காட்டில் தேன் எடுத்தவனும் பிரம்பு வெட்டியவனும் உள்ளே உள்ளே ஒதுங்கினான் என்ற செய்தியை நாம் அறிந்திருப்பது கடமை. துன்பப்பட்டவன் என்ற பட்டம் ஒன்றே நமக்குப் போதும் என்று இருப்பது, பாதிக் கணக்கை எழுதி ஏட்டை மூடுவது போலாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜக்குன் என்னும் பூர்வகுடிப் பிரிவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் குலை வெட்டும் வேலைக்கு என் மேசை முன் வந்து நின்றான். நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் இனம் என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள்: மலாயர், சீனர், இந்தியர், பிறர். கோலை எடுத்துக் கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மலாய் மொழியில் மெல்ல, "கிராணி, உங்களுக்கு எது சுலபமோ அதில் போடுங்கள்" என்றான். எத்தனை மேசைகளின் முன் நின்று அந்த வாக்கியத்தைக் கற்றிருப்பானோ! இந்த மண்ணில் எல்லாருக்கும் முந்தியவனுடைய வழிவந்தவன், 'பிறர்' என்னும் கடைசிக் கட்டத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. படிவத்தின் விதிப்படி அந்தக் கட்டத்தில் குறியிட்டேன். பக்கத்தில் குறிப்பு என்ற பத்தியில் ஜக்குன் என்று எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து, அந்தச் சொல்லை உதட்டுக்குள் ஒரு முறை படித்துக் கொண்டான். சம்பளம் அதனால் ஒரு வெள்ளி கூடவில்லை. ஆயினும் கையொப்பமிடும்போது அவன் கை நிதானமாக இருந்தது.

பாசிர் ரிஸுக்கு அடுத்த லோயாங்கில் ஒரு கோயில் உண்டு. கடற்கரையில் கைவிடப்பட்ட விக்கிரகங்களைச் சில நண்பர்கள் 1980ஆம் ஆண்டுகளில் சேர்த்து வைத்து உண்டாக்கியது. சீனருடைய துவா பே கோங் அங்கே இருக்கிறார். நம் பிள்ளையார் இருக்கிறார். டத்தோ என்னும் மலாய்ப் பெரியவருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த மண்ணுக்கு மூத்தவர் என்று எண்ணி அவருக்குச் சீனரும் தமிழரும் மரியாதை செய்கின்றனர். அவர் முன் பன்றி இறைச்சி படைப்பதில்லை. விக்கிரகங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனினும் அங்கே நின்றபோது ஒன்று தோன்றிற்று: பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவருக்கு வணக்கம் செலுத்த வேண்டும் என்னும் நல்லுணர்ச்சி நம் மக்களுக்கு இயல்பாகவே இருக்கிறது. அதைக் கற்பூரத்தோடு முடித்துவிடாமல், உயிரோடு இருக்கும் மனிதருக்கும் செலுத்தினால் என்ன?

செலுத்தும் வழி கடினமானதன்று. நம் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர்க் கதையைச் சொல்லும்போது நாராயண பிள்ளைக்கு முன் காலாங் ஆற்றுப் படகுகளைச் சொல்லுவோம். காலாங், சிலேத்தார், கெலாம் என்னும் சொற்கள் ரயில் நிலையமும் சாலையும் ஆவதற்கு முன் மனிதராய் இருந்தன என்று சொல்லுவோம். மலாய் அண்டை வீட்டார் ஒருவர் 'எங்கள் பாட்டி தீவுக்காரி' என்று தொடங்கினால், பேச்சை மாற்றாமல் கேட்போம். பூர்வகுடியினர் தம் பெயரைத் தாமே சொல்ல எழும்போது, 'இந்தக் காலத்தில் இது எதற்கு?' என்று நகைப்பவர் கூட்டத்தில் நாம் சேராதிருப்போம்.

கூடவே நம் வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டிமார் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். எந்தத் தோட்டம், எந்த லயம், பக்கத்துக் காட்டில் யார் இருந்தார்கள், அவர்களோடு உப்பும் மீனும் தேனும் மாற்றிக் கொண்டது எப்படி என்பதையெல்லாம் அவர்கள் இன்னும் சொல்லக் கூடும். ஒரு கொப்பியும் ஒரு ஞாயிற்றுக் கிழமையும் போதும். உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அந்த வேலையைக் கிராணிகளின் பேரேட்டுக்கு விட்டுவிட வேண்டாம். அதில் அதற்குக் கட்டம் இல்லை என்பதை ஒரு கிராணியாகிய நானே சொல்லுகிறேன்.